கவரின் மூலை

12 ஜூன் 1994

ஞாயிற்றுக்கிழமை வேலை. கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் ஒரே ஒரு தபால்தலை. ஜெர்மனி. ஆற்றங்கரையில் செங்கல் கோட்டை. காகிதத்திலிருந்து அதுவாகக் கழன்று வரும்வரை காத்திருந்து, ப்ளாட்டிங் பேப்பரில் வைத்து உலர்த்தினேன்.

மகள் ஜலஜா அனுப்பியது. அனுப்பியது அவள் அம்மாவுக்கு. எனக்கு மூலை மட்டும். என் மனைவி ஜானு கவரின் மூலையைக் கத்தரித்து என் மேஜையில் வைத்துவிட்டு, கடிதத்தோடு சமையலறைக்குப் போய்விடுவாள். இரண்டு வருஷமாக இப்படித்தான். படிக்கப் போனவள் எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் ஸ்டெஃபான் என்கிற ஜெர்மன்காரனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவள் எழுத்தை இனிப் படிக்க மாட்டேன் என்றேன். சொன்னது சொன்னதுதான்.

3 ஜூலை

தி. நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் கருணாகரன் வந்திருந்தார். அவர் சேர்ப்பது கப்பல்கள், நான் சேர்ப்பது கட்டடங்கள். ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, "இன்னா சார், மத்த நாடெல்லாம் பாதி காலியா கீது, ஜெர்மனி மட்டும் ரொம்பி வழியுது. பொண்ணு பொறுக்கி வாங்கி ஒட்டுது போல" என்றார்.

"தபால் ஆபீஸ்ல குடுக்கறதை ஒட்டுவா. இதுல என்ன?"

"ஒரு தபா கூட பூவோ குருவியோ வரலியே சார்."

ஆல்பத்தை மூடிவிட்டேன். பாவம், காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

24 ஜூலை

ஜானு இரண்டு நாளாகப் பழைய மல் வேஷ்டியைக் கிழித்துச் சின்னச் சின்னதாக ஏதோ தைக்கிறாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

19 ஆகஸ்ட்

கவர் வந்தது. மூலையில் தபால்தலை இல்லை. சிவப்பு மையில் இயந்திரம் அடித்த முத்திரை — கம்பெனிக் கடிதங்களில் இருக்குமே, அது. என்ன திமிர் என்று முதலில் நினைத்தேன். நினைத்தேனே. கடிதத்தைப் படித்த ஜானு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னடி?"

"ஏழாம் மாசம். குழந்தை வயத்துக்குள்ளேயே போயிடுத்து. ஆஸ்பத்திரியில இருக்கா. அவ எழுதிக் குடுத்ததை மாப்பிள்ளைதான் ஆபீஸ்லேர்ந்து போட்டிருக்கார்."

மாப்பிள்ளை என்ற சொல் இந்த வீட்டில் இன்றுதான் கேட்டது. எனக்கு ஒன்றுமே தெரியாதே என்றேன்.

"நாலு மாசமா எழுதிண்டிருக்கா. நீங்க மூலையை மட்டும் வாங்கிண்டேள்."

சத்தம் போட்டிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் சொன்னாள்.

20 ஆகஸ்ட்

கடிதங்களைக் கேட்டு வாங்கிப் படித்தேன். வாந்தி. வத்தக்குழம்புக்கு ஏங்கியது. முதல் உதை. பிள்ளையாகப் பிறந்தால் அப்பா பெயரை வைக்கலாமா, அப்பா ஒத்துப்பாரா, கேட்டுச் சொல் — மே மாசத்துக் கடிதம்.

"ஏன் கேக்கலை?" என்றேன் ஜானுவிடம்.

"கேக்க வந்தேன். அவ பேச்சை எடுக்காதேன்னேள்."

ஆமாம், சொன்னேன். பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்துகொண்டு சொன்னேன். என்ன மனுஷன் நான்? அறுபத்திரண்டு வயசில் வீம்பைத் தவிர என்ன சேர்த்திருக்கிறேன்?

21 ஆகஸ்ட்

லஸ் முனையில் போன் பூத்துக்கு இரண்டு பேரும் போனோம். ஜலஜா வீட்டுக்கு வந்துவிட்டாளாம். முதலில் ஜானு பேசினாள், அழுதாள். பிறகு "அப்பா பேசறார்" என்று ரிசீவரை என் கையில் திணித்தாள். என்ன சொல்வது? வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தை ஒன்றுகூட நினைவில்லை.

அவளே பேசினாள். குரல் தேய்ந்திருந்தது.

"அப்பா, அந்தக் கவர்ல ஸ்டாம்ப் இல்லையோன்னோ? அவருக்குத் தெரியாது. கோச்சுக்காதீங்கோ. எழுந்து நடமாட ஆரம்பிச்சதும் நானே போய் நல்லதா பார்த்து வாங்கி ஒட்டறேன்."

"லெட்டர் போடும்மா" என்றேன். "நான் படிக்கறேன்."

ரிசீவரைக் காதோடு பிடித்துக்கொண்டே நின்றேன்.