சுரண்டிய சன்னல்

அப்பா,

முந்தாநாள் பரீட்சை முடிந்து மதியமே வீட்டுக்கு வந்தேன். தெருமுனையிலேயே அந்த வாசனை வந்துவிட்டது. பழைய பெயின்ட் நெருப்பில் கொப்பளித்து உரியும்போது வருமே, அது. வேலை முடிந்து நீங்கள் கழற்றிப் போடும் சட்டையிலும் அதே வாசனைதான். ஒரு கணம் நீங்கள் வந்துவிட்டதாக நினைத்து வேகமாக நடந்தேன். பிறகு நீங்கள் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. அதன் பின்னால், வீட்டில் அக்கா இருப்பது நினைவுக்கு வந்ததும் ஓடினேன்.

அக்காவுக்கு வளைகாப்பு முடிந்து, முதல் பிரசவத்துக்கு நம் வீட்டுக்குக் கூட்டி வந்திருக்கிறோம். பிள்ளை பெற மகள் வந்தால், பார்க்க வருகிறவர்கள் குறை சொல்லாதபடி வீட்டுக்குப் பெயின்ட் அடித்துவிடுவது நம் வழக்கம். நீங்கள் இருந்திருந்தால் நீங்களே அடித்திருப்பீர்கள். உங்களோடு காலமெல்லாம் பெயின்ட் வேலை பார்த்த பெரியப்பா, தம்பி செய்ய வேண்டியதைத் தான் செய்கிறேன் என்று முன்னறைச் சன்னலில் ஆரம்பித்துவிட்டார். ஊதுவிளக்கால் சூடு காட்டி, தகட்டால் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அறை முழுக்கத் தூசி. அந்தத் தூசிக்கு நடுவில் அக்கா, ஒரு கையால் மூக்கில் துணியைப் பிடித்தபடி, மறுகையால் மாங்காய் தின்றுகொண்டிருந்தாள்.

“பெரியப்பா, நிறுத்துங்க! அக்கா இருக்கும்போது இதைச் செய்யக் கூடாது.”

“ஏளா, வந்ததும் வராததுமா என்ன கூப்பாடு? பரீச்சையில கோட்டை விட்டுட்டியா?”

“பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கும் பெரியப்பா. அந்தத் தூசி ரத்தத்துல சேந்தா வயித்துப் பிள்ளைக்கும் போகும்.”

சத்தம் கேட்டு அடுக்களையிலிருந்து வந்த அம்மாவைப் பார்த்துப் பெரியப்பா சிரித்தார். “ஈயம் பித்தளைன்னு பாத்திரக்கடைக்காரி மாதிரில்லா பேசுதா!”

அக்கா என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். “விடு, பெரியப்பா சங்கடப்படுவாவ. எனக்கு ஒண்ணும் செய்யல.”

அந்தச் சன்னல் நீங்கள் அடித்தது, அப்பா. கப்பலுக்கும் வள்ளத்துக்கும் அடித்து மிஞ்சியதைத் துறைமுகப் பக்கமிருந்து வாங்கி வருவீர்கள். உப்புக்காற்றுக்குத் தாங்கும் என்று நம் ஊரில் பாதி வீடுகளின் கதவு சன்னலுக்கு அதுதான். “கடக்காத்து இரும்பையே தின்னும், நம்ம பெயின்டைத் தின்னாது” என்று பெருமையாகச் சொல்வீர்கள். மேலே பச்சை, அதற்குக் கீழே நீலம், எல்லாவற்றுக்கும் அடியில் செந்தூர நிறம். ரெட்லெட் என்பீர்களே, அதைச் செய்வதே ஈயத்தில்தான். அது எனக்கு, நீங்கள் போன பிறகு நூலகத்தில் படித்துத்தான் தெரிந்தது. இப்போது சில டப்பாக்களில் ஈயம் சேர்க்கவில்லை என்று அச்சிட்டிருக்கிறார்கள். சன்னலுக்கு அடியில் ஒட்டிக் கிடக்கும் பழைய அடுக்கில் யார் வந்து அச்சிடுவார்கள்?

புருவமெல்லாம் தூசியாக வருவீர்கள். வேலை செய்யும் இடத்தில் மண்ணெண்ணெய்த் துணியில் கையைத் துடைத்துவிட்டு அப்படியே சாப்பிடுவீர்களாம். உங்கள் சட்டையை எங்கள் துணியோடு சேர்த்தே அம்மா துவைப்பாள். பெரிய வீடுகளில் வேலை நடந்தால், தூசி ஆகாது என்று வீட்டுக்காரர்கள் பிள்ளைகளைக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போய்விடுவார்கள் என்று நீங்களே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறீர்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு ஆகாத தூசி உங்களுக்கு மட்டும் எப்படி ஆகும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. நீங்களும் யோசிக்கவில்லை. அதற்காக உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தபோது, சூட்டு வலி என்று பதநீர் வாங்கிக் கொடுத்தோம். பிறகு சிறுநீரகம் கெட்டது. ஈயம் இந்த இரண்டையும் செய்யும் என்று நூலகப் புத்தகத்தில் இருந்தது. குடிப்பாரா, புகைப்பாரா, உப்பு அதிகம் சேர்ப்பாரா என்று ஆஸ்பத்திரியில் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். என்ன வேலை பார்க்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. ஈயத்தால்தான் நீங்கள் போனீர்கள் என்று நான் எழுதவில்லை. எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. ஏனென்றால் யாரும் பார்க்கவே இல்லை. பார்க்கத் தேவையில்லாத ஆளாக உங்களை எப்படி நினைத்தார்கள்?

நான் சன்னலுக்குக் குறுக்கே போய் நின்றேன். பெரியப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“தள்ளு ஏளா! இந்தத் தூசியைத் தின்னுதான் ஒங்கப்பனும் நானும் பொழச்சோம். எங்களுக்கு என்ன ஆச்சு?”

அவர் கேட்டது அவர் காதிலேயே அப்போதுதான் விழுந்திருக்க வேண்டும். ஊதுவிளக்கை அணைத்துக் கீழே வைத்தார்.

அம்மா அக்காவின் கையைப் பிடித்தாள். “எந்திரி மக்கா. மாப்பிள்ளையூரணிக்கு, சித்தி வீட்டுக்குப் போவோம்.”

“பிள்ளை பெற வந்தவளை வேற வீட்டுக்கு அனுப்பிட்டாவன்னு ஊரு பேசும்மா.”

“ஊரா பிள்ளை பெறப்போவுது?”

ஆட்டோ போன பிறகு பெரியப்பா என்னைப் பார்க்காமலே கேட்டார். “சரி, ஒம் புஸ்தகம் என்னதான் செய்யச் சொல்லுது?”

சொன்னேன். நெருப்புக் காட்டக் கூடாது, காய்ந்தபடி தேய்க்கவும் கூடாது. தண்ணீர் தெளித்து, ஈரத்தோடு சுரண்ட வேண்டும். உரியாத இடத்தை நோண்டாமல் மேலேயே அடித்துவிடலாம். தரையில் தார்ப்பாய் விரித்து, உதிர்வதை அதோடு சுருட்டிக் கட்ட வேண்டும். முருங்கை மரத்தடியில் கொட்டக் கூடாது. துடைப்பம் போடாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். மூக்கில் கைக்குட்டை போதாது, நுண்தூசியைத் தடுக்கிற முகமூடி வேண்டும்.

“இப்படிச் செஞ்சா ஒரு சன்னலுக்கே பொழுது விடிஞ்சிரும்” என்று முனகினார். ஆனாலும் நேற்றே முகமூடி வாங்கி வந்தார்.

இன்று காலை அம்மா அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், நடந்ததையெல்லாம் தானே சொல்லி, ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லியிருக்கிறாள். முடிவு வர நாளாகுமாம். அதுவரை எனக்குப் பயமாகத்தான் இருக்கும்.

மதியம் பெரியப்பா ஈரச் சன்னலை விட்டுவிட்டுச் சாப்பிட வந்தார். வாசலிலேயே வேலைச் சட்டையைக் கழற்றி ஒரு பையில் தனியாகப் போட்டார். குழாயடியில் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினார், முகத்தையும் கழுவினார், நகத்தைக்கூடத் தேய்த்தார். பிறகு இலை முன்னால் வந்து உட்கார்ந்தார்.

நான் சோறு போடாமல் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வாளித் தண்ணீர், ஒரு சோப்பு, ஒரு மாற்றுச் சட்டை, மூக்குக்கு ஒரு முகமூடி. இவ்வளவுதானா, அப்பா? இத்தனை வருஷத்தில் இதைச் சொல்ல உங்களுக்கு ஒரு ஆள்கூடவா கிடைக்கவில்லை?

“என்ன ஏளா, அப்படிப் பாக்க?” என்றார் பெரியப்பா.

“ஒண்ணுமில்ல, சாப்பிடுங்க” என்றேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை, கோபம்தான் வந்தது. அது என்னிடமே இருக்கட்டும்.