சாவி உங்கம்மாகிட்ட இருக்கு

மார்ச் 2, திங்கள்

கண்ணுக்கு அத்தை எழுதுறது,

அதனாலதான் கேக்குறேன், நீயே சொல்லு, இத்தனை வீடு இருக்கிற இடத்துல என் டப்பா சாவியைக் கொண்டுபோய் உங்கம்மாகிட்டதானா கொடுக்கணும்? போன்ல ஆரம்பிச்ச பேச்சுதான் இது. பாதியில "சரி அத்தை, மீட்டிங் இருக்கு"ன்னு வச்சுட்டே. கடுதாசியை அப்படி வைக்க முடியாதுல்ல, அதான் எழுதுறேன். நல்லா இருக்கியா? வேளாவேளைக்குச் சாப்பிடு. ஆண்டவன் புண்ணியத்துல நாங்க நல்லா இருக்கோம், உங்க மாமாவோட முழங்காலைத் தவிர.

அந்த முழங்கால்தான் இப்ப என் தலையில உக்காந்திருக்கு. சைக்கிள் கடைக்கு மேல ரெண்டாவது மாடி, இருபத்தாறு படி. படிக்கு ஒரு தடவை நின்னு ஆண்டவனைக் கூப்பிடுறார். நாள் முழுக்க நான் கூப்பிடுறதைவிட அது அதிகம். இப்ப பேக்கரிக்குப் பின்னாடி தெருவுல தரையோட ஒரு வீடு காலியாகுது. குழாய் உள்ளேயே இருக்கு. இருபதாம் தேதிக்குள்ள முன்பணம் பதினெட்டாயிரம் கொடுத்தா உங்களுக்குத்தான்னு வீட்டுக்காரர் சொல்லிட்டார். தவறினா ஒரு டிரைவர் குடும்பம் பின்னாடியே நிக்குது.

பணம் இருக்கு. அதுதான் வயித்தெரிச்சல். கட்டிலுக்கு அடியில பச்சை டப்பாக்குள்ள இருக்கு, ஆட்டினா சத்தம் கேக்குது. ஹோட்டல் சலவைக்கூடத்துல படுக்கை விரிப்பு மடிச்சு மடிச்சு இடுப்பு ஒடிஞ்சு ஒரு வருஷமா போட்டது. பதினாலாம் தேதி உங்க சேமிப்பு மையத்துல எல்லார் முன்னாடியும் திறந்தா, உள்ளே எவ்வளவு இருக்கோ அதே அளவு நீங்களும் போடுவீங்க. நாமளா உடைச்சா உங்க பங்கு கிடையாது. அது சரி. ஆனா டப்பா என் வீட்டுல, சாவி இன்னொருத்தர் வீட்டுலன்னு ஒரு சட்டம் போட்டீங்களே, அதை யோசிச்ச மகராசன் யாரு?

என் சாவி உங்கம்மாகிட்ட. உங்கம்மா சாவி என்கிட்ட, சாமி படத்துக்குப் பின்னாடி ஆணியில தொங்குது. நீ இங்கே வேலை பார்த்தப்ப உன் கையாலதான் மாத்திக் கொடுத்தே. அப்ப நாங்க பேசிட்டு இருந்தோம். இப்ப பத்து மாசமா பேச்சு இல்லை.

காரணம் உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்றேன், உங்கம்மா சொன்னது வேற மாதிரி இருக்கும். அந்த மாசம் எனக்குக் கை முட்டிப்போச்சு. மாசக் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் குறைஞ்சது ஐநூறு போட்டாகணும். காலையில உங்கம்மாகிட்ட கைமாத்து வாங்கி சாயங்காலம் போட்டேன். கை தட்டினாங்க. மையத்து தம்பி ரெண்டு வார்த்தை பேசுங்கன்னு சொன்னார். நான் என்ன பண்றது, பேசினேன். கஷ்டத்துலயும் சேர்க்கிறவங்களை ஆண்டவன் கைவிட மாட்டார்னு நல்ல விஷயம்தான் சொன்னேன். உங்கம்மா எழுந்து, "அந்த ஐநூறு காலையில வரைக்கும் என் பர்ஸ்லதான் இருந்துச்சு"ன்னாங்க. பதினாலு பேர் சிரிச்சாங்க. அடுத்த வாரமே பணத்தைப் பக்கத்து வீட்டு அம்மா கையில கொடுத்தனுப்பினேன். அதோட சரி.

நீ அங்கேருந்து ஒரு வார்த்தை சொன்னா சாவியை வேற ஆள்கிட்ட மாத்திருவாங்க. பெத்தவளுக்காக யோசிக்காதே, நியாயத்துக்காக யோசி.

இப்படிக்கு,
வாயைத் திறக்காம இருக்கிற
உன் அத்தை


மார்ச் 5, வியாழன்

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் மருமகள் எழுதுவது. நான் நலம். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். மாமாவை ஒரு நாளைக்கு ஒரு முறைக்கு மேல் படி இறங்க விடாதீர்கள்.

அந்த மகராசன் நான்தான். முதலில் சாவியை அவரவரிடமே கொடுத்தோம். மாதம் பிறந்து பத்தாம் தேதிக்குள் டப்பா காலியானது. பிறகு பக்கத்து வீட்டில் கொடுத்தோம். "ஒரு நிமிஷம் கொடு" என்றதும் கொடுத்துவிட்டார்கள். கடைசியில்தான், கேட்கக் கொஞ்சம் யோசிக்க வேண்டிய ஆளிடம் கொடுப்பது என்று முடிவு செய்தோம். நாத்தனாரும் அண்ணியும் பொருத்தமாக இருப்பார்கள் என்று நினைத்தேன். இவ்வளவு பொருத்தமாக இருப்பீர்கள் என்று நினைக்கவில்லை.

நான் இப்போது வேறு கிளையில் இருக்கிறேன், அத்தை. என் அம்மா, என் அத்தை என்பதற்காக விதியை மாற்றச் சொன்னால் நாளை இங்கே நாற்பது அத்தைகள் வந்து நிற்பார்கள். பதினாலாம் தேதி சாவி வைத்திருப்பவர் நேரில் வந்து தன் கையாலேயே திறக்க வேண்டும். வராவிட்டால் டப்பா அடுத்த தவணைக்குப் போகும். அது ஜூன் மாதம்.

இரண்டு தெரு தள்ளித்தான் அம்மா இருக்கிறார். தயவுசெய்து போய்க் கேளுங்கள். அம்மாவிடமும் இதையே சொன்னேன். "கொதிக்கிற பாலை விட்டுட்டு வந்தேன்" என்று போனை வைத்துவிட்டார். அம்மா வீட்டில் பால் வாங்குவதில்லை.

அன்புடன்,
உங்கள் மருமகள்


மார்ச் 9, திங்கள்

கண்ணு,

உன் கடுதாசி வந்துச்சு. படிச்ச பிள்ளைன்னு காட்டிட்டே. இருக்கட்டும்.

நான் முயற்சி பண்ணலேன்னு நினைக்காதே. சனிக்கிழமை டப்பாவைத் துணியில சுத்தி பூட்டுக்காரர்கிட்ட கொண்டுபோனேன். உடைக்க இல்லை, சத்தியமா, ஒரு மாத்துச் சாவி செய்ய முடியுமான்னு கேக்கத்தான். துணியை விலக்கினதும் அந்த மனுஷன் ரெண்டடி பின்னாடி போயிட்டார். "பச்சை டப்பாவா? எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கும்மா. இதைத் தொட்டேன்னு தெரிஞ்சா என் பெண்டாட்டி எனக்குச் சோறு போட மாட்டா"ன்னு சொல்லிட்டார். உங்க மையம் ஊர்ல ஒரு பூட்டுக்காரரைக்கூட விட்டு வைக்கலை.

அப்புறம் உங்க மாமாவை அனுப்பினேன். அந்தக் காலோட இருபத்தாறு படி இறங்கி, ரெண்டு தெரு நடந்து போனார். ஒரு மணி நேரம் கழிச்சு வந்தார். சாவி எங்கேன்னேன். "கேக்குற மாதிரி பேச்சே வரலை"ன்னார். ஒரு மணி நேரம் என்னதான் பேசினீங்கன்னா, முழங்காலைப் பத்தியாம். நான் சுவரைப் பார்த்துப் பேசிட்டு இருந்தேன் அதுக்கப்புறம்.

உங்கம்மா பால் இல்லாத டீ கொடுத்தாங்களாம். டம்ளர்ல ஊத்தாம பாதியை மாமா கையிலயே ஊத்திட்டாங்களாம். பார்த்தியா கோபத்தை? என் மேல இருக்கிற எரிச்சலை அந்த அப்பாவி மனுஷன் கையில ஊத்தணுமா? வேலைக்கும் போகலையாம், வீட்டுலயே உக்காந்திருக்காங்களாம். சட்டைக் கம்பெனியில பட்டன் தைக்கிறதுல அவங்களை மிஞ்ச ஆள் இல்லைன்னு பெருமை பேசுவாங்களே, இப்ப என்ன சொகுசு வந்துச்சாம்?

தினமும் காலையிலயும் சாயங்காலமும் வேண்டிக்கிறேன், உங்கம்மா மனசு இளகணும்னு. ஆண்டவனும் கேட்டுக்கிட்டுதான் இருக்கார். இன்னும் அஞ்சு நாள்தான் இருக்கு. நீ ஒரு போன் போட்டு, சாவியை எடுத்துட்டு பதினாலாம் தேதி மையத்துக்கு வந்துருங்கன்னு உங்கம்மாகிட்ட சொல்லு. என் பேரைச் சொல்லாதே.

உன் அத்தை


மார்ச் 11, புதன்

அத்தைக்கு,

நலம் விசாரிக்க இன்று எனக்குப் பொறுமை இல்லை, மன்னியுங்கள்.

அம்மா கோபத்தில் டீயைக் கொட்டவில்லை. அம்மாவுக்குக் கண் தெரியவில்லை. இரண்டு கண்ணிலும் புரை. கம்பெனியில் கூட வேலை பார்க்கும் அக்கா நேற்று போன் செய்து சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. என்னிடம் "கொஞ்சம் மங்கலா இருக்கு, தூக்கம் பத்தலை" என்றுதான் சொல்லிவந்தார். நவம்பரில் பட்டன் வேலையிலிருந்து கூட்டிப் பெருக்கும் வேலைக்கு மாற்றினார்கள். பாதிச் சம்பளம். போன மாதம் அதுவும் வேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஆபரேஷன் இலவசம். உள்ளே வைக்கும் லென்ஸுக்கு மட்டும் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணம் அம்மாவின் டப்பாவில் இருக்கிறது. வைத்தியச் செலவு என்றால் வருட முடிவுவரை காத்திருக்கவும் தேவையில்லை. எந்த நாளும் மையத்துக்குப் போய்த் திறக்கலாம், எங்கள் பங்கும் உண்டு. சாவி வைத்திருப்பவர் கூட வந்தால் போதும். அம்மா நவம்பரிலேயே திறந்திருக்கலாம்.

ஏன் கேட்கவில்லை என்று கேட்டேன். "அவ முதல்ல வரட்டும்" என்றார்.

நீங்கள் சாவியைப் பற்றி எனக்கு இரண்டு கடிதம் எழுதினீர்கள், அத்தை. இரண்டிலும் உங்கள் டப்பா மட்டும்தான் இருக்கிறது.

நான் அம்மாவுக்குப் போன் செய்யப் போவதில்லை. விதியை எழுதியது நான், அந்தக் குற்றம் எனக்கு இருக்கிறது. அதற்கு மேல் உங்கள் இருவருக்கும் நடுவில் நிற்க என்னால் முடியாது. பதினாலாம் தேதி வரும், போகும். அதற்குப் பிறகு இதைப் பற்றி நீங்கள் எழுதினாலும் நான் பதில் எழுத மாட்டேன்.

உங்கள் மருமகள்


மார்ச் 15, ஞாயிறு

கண்ணு,

பதில் எழுதாதே. நான் எழுதுறதை நிறுத்துன்னு நீ சொல்லலையே.

உன் கடுதாசியை மூணு தடவை படிச்சேன். முதல் தடவை கோபம் வந்துச்சு. ரெண்டாவது தடவையும் கோபம்தான். மூணாவது தடவை படிச்சுட்டு ஆணியில இருந்த சாவியை எடுத்துட்டு செருப்பை மாட்டினேன். மாமா எங்கேன்னு கேட்டார். பேச்சு வராத ஆள்கிட்ட என்ன சொல்றதுன்னு வந்துட்டேன்.

கதவு திறந்துதான் இருந்துச்சு. எதிர்ல போய் நிக்கிறேன், ரெண்டு முழ தூரம் இருக்காது, "யாரு?"ன்னாங்க. வேணும்னு பண்றாங்கன்னு ஒரு நிமிஷம் நினைச்சேன் பாரு, அந்தப் புத்தி என்னை விட்டுப் போகலை. "நான்தான்"னேன். "குரல் கேட்டுத் தெரியுது, உக்காரு"ன்னாங்க. உக்காந்தேன். அவங்களும் உக்காந்தாங்க, கையால நாற்காலியைத் தடவிப் பார்த்துட்டு.

"கண்ணு தெரியலேன்னா சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே அண்ணி."

"பத்து மாசமா வாயைப் பூட்டிக்கிட்டவகிட்டயா?"

"வந்து சாவியைக் கேட்டிருக்கலாம்ல."

"நீ கேட்டியா?"

கொண்டுவந்த சாவியை எடுத்து நடுவுல வச்சேன். அப்புறம் அவங்களே ஆரம்பிச்சாங்க.

"அன்னைக்குக் கூட்டத்துல நான் சொன்னது பொய்யா?"

"பொய் இல்லை. பதினாலு பேர் முன்னாடி சொன்னீங்களே."

"அது வேண்டாத வேலைதான்"னாங்க. "ஆனா என் காசைப் போட்டுட்டு நீ அவ்வளவு நேரம் பேசியிருக்க வேண்டாம்."

"அப்படி எவ்வளவு நேரம் பேசிட்டேன்?"

"கையில இருந்த டீ ஆறிப்போச்சுடி."

யார் முதல்ல சிரிச்சாங்கன்னு கேக்காதே, சொல்ல மாட்டேன்.

நேத்து ரெண்டு பேரும் டப்பாவை மடியில வச்சுக்கிட்டு பஸ்ல போனோம். மையத்துல என் டப்பாவை முதல்ல எடுத்தாங்க. அண்ணி சாவியை வச்சுக்கிட்டு பூட்டுல தேடுறாங்க, தேடுறாங்க. பச்சைப் பெயிண்ட் மேலேயே கீறுது சாவி. அவ்வளவு பெரிய துளை. பட்டன்ல இருக்கிற நாலு துளையிலயும் பேசிக்கிட்டே நூல் விட்டவங்க, கண்ணு. கூட்டமே எட்டி எட்டிப் பார்க்குது. மையத்து தம்பி நான் திறக்கிறேன்மான்னு கையை நீட்டினார். எனக்கு வந்துச்சு பாரு கோபம். "சாவி யார்கிட்ட இருக்கோ அவங்க கையாலதான் திறக்கணும்னு சட்டம் போட்டது நீங்கதானே தம்பி, உக்காருங்க"ன்னேன். அண்ணி விரலைப் பிடிச்சுப் பூட்டு மேல வச்சேன். திறந்துக்குச்சு. அவங்க டப்பாவை நான் திறந்தேன்.

ரெண்டுமே போதும். என்னுது உங்க பங்கோட முன்பணத்துக்கு ஆச்சு. அவங்களுது லென்ஸுக்கு ஆச்சு. புதன்கிழமை கணக்குல ஏறும்னு சீட்டு கொடுத்தாங்க. சாயங்காலம் வீட்டுக்காரர்கிட்ட சீட்டைக் காட்டினேன், சரின்னுட்டார். என்னை ரெண்டு வார்த்தை பேசச் சொன்னார் அந்தத் தம்பி. அண்ணி என் கையை ஒரு கிள்ளு கிள்ளினாங்க. பேசலை.

அங்கேருந்து நேரா கண் ஆஸ்பத்திரி. நாளைக் கழிச்சு வாங்கன்னாங்க, நான் நகரலை. வலது கண்ணுக்கு மட்டும் வர்ற இருபத்துமூணு, திங்கக்கிழமை காலையில ஏழு மணின்னு எழுதிக் கொடுத்தாங்க. இடது கண்ணு அடுத்த மாசம். கூட இருக்கிறது யாருன்னு அந்தத் தாள்ல கேட்டிருந்துச்சு. அண்ணியே சொன்னாங்க, "என் நாத்தனார். பேச்சு அதிகம், விட்டுட்டுப் போக மாட்டா." நான் கையெழுத்துப் போட்டேன்.

உன் மேல எனக்கு வருத்தம் இல்லைன்னு சொன்னா பொய். பெரியவங்களுக்கு இப்படி எழுதுற பழக்கம் உனக்கு எங்கேருந்து வந்துச்சோ. நீ எழுதினது சரிதான், அது வேற விஷயம். நவம்பர்லேருந்து மார்ச் வரைக்கும் எத்தனை நாள்னு விரல் விட்டுப் பார்த்தேன். ஆண்டவன்கிட்ட அவங்க மனசு இளகணும்னுதானே கேட்டேன் அத்தனை நாளும். என்ன நினைச்சிருப்பார் என்னைப் பத்தி.

நீ லீவு போட்டுட்டு ஓடி வராதே, உன் நாற்பது அத்தைகளைப் பாரு. காலையில ஏழு மணிலேருந்து சாயங்காலம் வரைக்கும் பக்கத்தை விட்டு அசையக்கூடாதுன்னு நர்ஸ் சொல்லியிருக்கு. அசைய மாட்டேன்னு அண்ணி தலையில கை வச்சுச் சொல்லிட்டேன்.

இப்படிக்கு,
உன் அத்தை

மடிச்சு உறையில போடுறப்பதான் ஞாபகம் வருது, வீடு மாத்த சாமான் ஏத்துற வண்டிக்காரருக்கு நான் காசு கொடுத்து வரச் சொல்லியிருக்கிறதும் அதே திங்கக்கிழமை, அதே ஏழு மணிக்குத்தான்.