சில்வியா அக்காவின் மூளைக்காய்ச்சல்

அக்டோபர் 14
கால்வாய் ஓரத்தில் இன்னொருவருக்கு மூளைக்காய்ச்சல். இதோடு நான்கு. மாநகராட்சி வண்டி புகை அடித்துப் போனது. கொசுக்கள் என் வீட்டுக்குள் ஒதுங்கியிருந்துவிட்டு, புகை போனதும் கிளம்பின.

அக்டோபர் 15
கால்வாயில் திரிந்த பன்றிகளைப் பிடித்துப் போனார்கள். கிருமி அவற்றிடமிருந்து கொசுவுக்கு, கொசுவிடமிருந்து நமக்கு என்றாள் சுகாதாரப் பணியாளர் ராஜாத்தி. "கீழ் வூட்ல உங்க அக்காவாண்ட நீங்களே சொல்டுங்க." எனக்கு மூட்டுவலி, படி இறங்க முடியாது என்றேன்.

நானும் சில்வியா அக்காவும் பேசி மூன்று வருடம். அன்று அம்மாவுக்கு விடிந்ததிலிருந்தே மூச்சுத் திணறியிருக்கிறது. காட்டுப்பள்ளி துறைமுகத்தில் வேலையில் இருந்த எனக்கு அக்காவின் போன் வந்தது சாயங்காலம். எல்லாம் முடிந்திருந்தது. "எப்டி சொல்றதுன்னு தெர்ல டோரதி" என்றாள். அது ஒரு பதிலா?

அக்டோபர் 19
இரண்டு நாளாக அக்காவைக் குழாயடியில் காணவில்லை. படி இறங்கிப் போய்த் தள்ளினேன், கதவு திறந்தே இருந்தது. தரையில் கிடந்தாள் — கை கால் இழுத்துக்கொண்டு, உடம்பெல்லாம் கொதித்து. எதிர்வீட்டு துரை ஆட்டோ எடுத்தார். வழியெல்லாம் அக்கா அக்கா என்று கூப்பிட்டிருக்கிறேன். துரை சொல்லித்தான் தெரியும்.

அக்டோபர் 20
முதுகுத்தண்டில் நீர் எடுத்துப் பார்த்தார்கள். அதேதான். இதற்கென்று மருந்து கிடையாதாம். பிழைத்தால் பார்க்கலாம் என்றார் டாக்டர். எதை என்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் 27
கண் திறக்கவில்லை.

நவம்பர் 3
திறந்தாள். "இன்னா டோரதி, வேலைக்குப் போவல?" என்றாள். கழிவறைக்குப் போய் அழுதேன். குழாயில் தண்ணீர் இல்லை. முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தேன்.

நவம்பர் 5
எங்கள் சண்டை அவளுக்கு நினைவில்லை. நல்லதுதான். அம்மா இறந்ததும் நினைவில்லை. "அம்மா ஏன் இன்னும் வர்ல?"

சொல்லித்தான் ஆக வேண்டும் என்கிறார் டாக்டர். அவர் சொல்லப் போவதில்லை.

நவம்பர் 6
பூசைக்குப் போயிருக்கிறாள் என்றேன்.

நவம்பர் 7
பூசைக்கு.

நவம்பர் 9
காலையில் சொல்லிவிடுவது என்று போனேன். இட்லி சாப்பிடட்டும் என்று விட்டேன். பிறகு மாத்திரை. பிறகு தூங்கிவிட்டாள். அதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது.

ஆகிவிடுகிறதுதான்.

நவம்பர் 10
சொன்னேன். சத்தமில்லாமல் அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கடசீல நீ கூட இருந்தியா?" என்று கேட்டாள்.

"இருந்தேன்க்கா. ரெண்டு பேரும்தான் இருந்தோம்" என்றேன்.