பிறையிலிருந்து திரும்பிய எட்டாம் பாகம்

நேற்று அக்கரையில் இருக்கும் பிறை ஊரிலிருந்து படகேறி ஒருத்தி உன்னைத் தேடி வந்தாள். நீ இல்லை என்றதும், முந்தானையில் சுற்றி வைத்திருந்த மெல்லிய புத்தகத்தை என்னிடம் நீட்டினாள். "அவங்க எங்களுக்குப் படிக்கக் கொடுத்தது அக்கா. கை மாறிக் கை மாறி எங்கயோ போயி இப்பத்தான் கெடச்சுது," என்றாள். பிரித்ததும் கிராம்பு வாசம் வந்தது. நடுப்பக்கத்தில் உன் பெருவிரல் கறை அப்படியே இருந்தது. நீ கண்ணை மூடி மூன்று வருடம் ஆகிறது.

துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கியில் நாம் கிராம்பில் காம்பு பொறுக்கிய காலத்தில், நம் கூட்டத்தில் எழுத்துத் தெரிந்தவள் நீ ஒருத்திதான். சென்னையிலிருந்து கப்பலில் பாகம் பாகமாக வரும் அந்த நாவலை நீ உரக்கப் படிப்பாய்; உன் கூலி குறையாதிருக்க உன் கூடையில் நாங்கள் ஆளுக்கு ஒரு பிடி போடுவோம். எல்லோருக்கும் தெரிந்த பாம்பு மாப்பிள்ளை கதைதான். இளவரசி பாம்புத் தோலை எரிக்கிறாள், அவன் மனிதனாகிறான், சுபம். இந்த நாவலிலோ எரித்த பிறகுதான் கதையே தொடங்குகிறது. என்னைக் கேட்காமல் எரித்துவிட்டாளே என்று அவன் கோபித்துக்கொண்டு போய்விடுகிறான். அவள் கடற்கரையில் தனியாக நிற்பதோடு ஏழாம் பாகம் முடிந்தது.

நானும் அப்போது அப்படித்தான் நின்றேன். என் வீட்டுக்காரர் நாடகத்தில் பெண் வேஷம் கட்டுகிறாரே என்ற வெட்கத்தில் அவருடைய வேஷ உடுப்புகளை அடுப்பில் போட்டிருந்தேன். அவர் ஜெலுத்தோங்கில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த கப்பலில் வந்த எட்டாம் பாகத்தை நீ படித்தாய். இளவரசி அவனைத் தேடிப் போய், கேட்காமல் செய்தது தப்பு என்கிறாள். கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேனே என்கிறான் அவன். அன்று மாலையே நான் ஜெலுத்தோங்குக்கு நடந்தேன்.

அவர் திரும்பி வந்தார். கிட்டங்கியில் கணக்கெழுதும் கிராணி வாயைத் திறக்கும் வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. "அந்தக் கதை ஏழு பாகந்தான். அவ கடைசிவரைக்கும் தனியாத்தான் நிக்கிறா," என்றார் அவர். படித்து முடித்த பாகங்களை நீ அக்கரைப் பெண்களுக்கு அனுப்பிவிடுவாயே, எட்டாம் பாகமும் அதற்குள் பிறைக்குப் போயிருந்தது. எனக்குக் கண்மண் தெரியாத கோபம். என்னைப் புருஷன் முன்னால் குனிய வைக்கக் கதையையே மாற்றிவிட்டாய் என்று, எல்லோர் முன்னாலும் உன்னைப் பொய்க்காரி என்றேன். நீ கிராம்பிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "கிராணி எட்டாவதப் படிக்கல. நீ எழுத்துக் கத்துக்கிட்டு வந்து கேளு," என்றாய். பிறகு கிட்டங்கியில் நீ எதையும் படிக்கவே இல்லை.

நீ காய்ச்சலில் படுத்திருந்தபோது வந்து பார்த்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "இன்னும் கத்துக்கலையாடி?" என்று சிரித்தாய். அதுதான் நாம் கடைசியாகப் பேசியது.

அதன் பிறகு என் மகளின் சிலேட்டில் அவளோடு சேர்ந்து நானும் எழுதினேன். கற்றுக்கொண்டதும் பயம் பிடித்துக்கொண்டது. நீ மாற்றியிருந்தால் என் குடித்தனமே ஒரு பொய்யின் மேல் நிற்கிறது. மாற்றவில்லை என்றால் உன்னை அப்படிப் பேசிய பாவி நான். எது உண்மை என்று தெரியாமல் இருப்பதே நல்லது என்றுகூட நினைத்தேன்.

நேற்று அந்த எட்டாம் பாகத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். நீ படித்தபடியே இருந்தது. அப்பாடா என்று இருந்தது. தப்பு தன்னுடையது என்று தெரிந்து ஒருத்திக்கு இவ்வளவு நிம்மதி வருமா, வந்தது. கொஞ்சம் அழுதுவிட்டு உலை வைத்தேன்.

நாவல் எப்படி என்று நீ கேட்பாய். நடுவில் மூன்று பாகம் வெறும் காட்டு வருணனை. நிலவைப் பார்த்து அவன் பேசும் காதல் பேச்சைப் பாதியாகக் குறைத்திருக்கலாம். ஆனால் சுபம் போடும் இடத்தில் நின்றுவிடாமல், ஆசையோடு செய்ததும் கேட்காமல் செய்தால் தப்புதான் என்று ஒரு இளவரசியைச் சொல்ல வைத்தாரே, அதற்காகவே எழுதியவருக்கு ஒரு கும்பிடு.

இன்று கிட்டங்கியில் அதை நான் உரக்கப் படித்தேன், தடுக்கித் தடுக்கித்தான். என் கூடையில் ஆளுக்கு ஒரு பிடி விழுந்தது. முடித்ததும், புதிதாகச் சேர்ந்த ஒருத்தி கேட்டாள்: "நெசமாவே இப்படித்தான் எழுதியிருக்கா அக்கா, இல்ல நீங்களா சொல்றீங்களா?"

புத்தகத்தை மூடிவிட்டுக் கிராம்பைப் பொறுக்கத் தொடங்கினேன். தலையை நிமிர்த்தாமல், "நீ எழுத்துக் கத்துக்கிட்டு வந்து கேளு," என்றேன்.