வாலில் பல் தடம் உள்ள பச்சையன்

புணே
10.11.2024

நந்தினிக்கு,

நலம். உன் தொலைபேசி எண் என்னிடம் இல்லை. அதனால் நெய்வேலி குவார்ட்டர்ஸ் முகவரிக்கு எழுதுகிறேன். சம்பள நாளில் அப்பா பஜாரில் வாங்கித் தருவாரே, பிளாஸ்டிக் பூத பொம்மைகள், அந்தப் பெட்டி உன்னிடம் இருப்பதாகச் சொல்லியிருந்தார். இப்போது நான் பழைய பூதங்களைச் சேர்க்கிறேன். அலமாரி நிறைய வைத்திருக்கிறேன். சிரிக்காதே. நம் பெட்டி மட்டும்தான் பாக்கி. நீயே கட்டி கூரியரில் அனுப்பு. உன் வீட்டுக்காரருக்குத் தொந்தரவு வேண்டாம்.

சிவசங்கர்

நெய்வேலி
22.11.2024

அன்புள்ள அண்ணா,

நாங்கள் நலம். கான்ட்ராக்ட் தொழிலாளியை, அதுவும் முத்தாண்டிக்குப்பத்துக்காரரைக் கட்டிக்கொண்டேன் என்று என் கல்யாணத்துக்கு வராதவன் நீ. அப்பாவின் காரியத்தில்கூட அவர் முகத்தைப் பார்க்காமல் பஸ் ஏறினாய். இப்போது பூதத்துக்காகக் கடிதம் போடுகிறாய். பூதத்துக்கு இருக்கிற யோகம் எனக்கில்லை. ஆனாலும் உன் கையெழுத்தைப் பார்த்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

முத்தாண்டிக்குப்பத்தில் வீடு கட்டுகிறோம். தையில் கிருகப்பிரவேசம். கொஞ்சம் சாமான்களை முன்கூட்டியே அங்கே கொண்டுபோனதில் உன் பெட்டியும் போனது. கொத்தனார் கொளஞ்சிநாதன் அதிலிருந்து பச்சையனை எடுத்துத் திருஷ்டி பொம்மையாக மாடி முகப்பில் கட்டிவிட்டார். கேட்டால், "சும்மா இருங்க மேடம். பூசணிக்காயில மூஞ்சி வரஞ்சா எவன் பயப்படறான்? இது மூணு கண்ணால நல்லா மொறச்சிகினு நிக்குது. பால் காய்ச்சற வரைக்கும் வூட்டுக்கு இதான் காவல்" என்கிறார். அதற்கு முன் கழற்றினால் ஆகாதாம். மற்ற ஐந்தையும் அனுப்பியிருக்கிறேன்.

உன் தங்கை
நந்தினி

புணே
5.12.2024

நந்தினிக்கு,

பெட்டி வந்தது. ஒற்றைக்கொம்பன், குண்டோதரன், இரட்டைத்தலையன், பல்லிராஜா, கரியன் எல்லாரும் பத்திரம். பச்சையன் இல்லாமல் என்ன பிரயோஜனம்? வெயிலில் பிளாஸ்டிக் வெளுத்துவிடும். சுரங்கத் தூசி வேறு. ஒரு கீறல், ஒரு கடி விழுந்தாலும் சேர்ப்பவர்கள் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அந்தக் கொத்தனாருக்குச் சொல்லி உடனே கழற்று. கிருகப்பிரவேசத்துக்கு என் வாழ்த்து. லீவு கிடைக்காது.

சிவசங்கர்

நெய்வேலி
16.12.2024

அண்ணா,

ஐந்து பூதங்களையும் பெயர் சொல்லி எழுதியிருக்கிறாய். என் கணவருக்கும் ஒரு பெயர் உண்டு. கலியமூர்த்தி. அதை எழுத உனக்குக் கை வரவில்லை. கோபமாகத்தான் எழுதுகிறேன்.

நேற்று அவர் ஏணியைப் பிடித்துக்கொள்ள, மேலே ஏறிப் பச்சையனைப் பார்த்தேன். வாலில் என் பால்பல் தடம் அப்படியே இருக்கிறது. கடித்ததற்கு நீ என் முதுகில் ஓர் அடி வைத்தது எனக்கு மறக்கவில்லை. கடிபட்டதை யாரும் சேர்க்க மாட்டார்கள் என்று நீயே எழுதுகிறாய். பிறகு அது உனக்கு எதற்கு?

கிருகப்பிரவேசம் முடிந்ததும் திருஷ்டி பொம்மையை முச்சந்தியில் கொளுத்திவிடுவது கொளஞ்சிநாதன் வழக்கம். கற்பூரம்கூட வாங்கி வைத்துவிட்டார். வேண்டுமானால் நீயே வந்து கழற்றிக்கொள். கூரியரில் அனுப்ப மாட்டேன். அப்பாவும் அம்மாவும் போன பிறகு, பிறந்த வீட்டுச் சீர்த்தட்டைத் தூக்கிவர எனக்கு நீ ஒருவன்தான். தட்டில் ஒரு தேங்காய் இருந்தாலும் போதும்.

நந்தினி

புணே
6.1.2025

அன்புள்ள நந்தினிக்கு,

பதில் எழுத இத்தனை நாளாகிவிட்டது. என் அலமாரியில் இன்னொரு பச்சையன் இருக்கிறான். போன வருஷம் வாங்கியது. ஒரு கீறல் கிடையாது. வாங்கி வந்த அன்று அவன் வாலைத் தடவிப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. அதற்கப்புறம் அவனைப் பார்க்கவே பிடிக்கவில்லை. உனக்கு முதல் கடிதம் எழுதியது அதனால்தான்.

லீவு சொல்லிவிட்டேன். விழுப்புரத்தில் இறங்கி, பண்ருட்டி வழியாக வந்துவிடுவேன். சீருக்கு உனக்குப் புடவையும் அவருக்கு வேட்டியும் எடுத்தாயிற்று. கற்பூரத்தைக் கொத்தனாரிடமிருந்து வாங்கி வை. பச்சையனை நானே ஏறிக் கழற்றுகிறேன். உயரம் என்றால் எனக்கு இன்னும் பயம்தான். மாப்பிள்ளை கலியமூர்த்தியை ஏணியைப் பிடித்துக்கொள்ளச் சொல்.

உன் அண்ணன்
சிவசங்கர்