உன் கையெழுத்தை நான் போட மாட்டேன்

இன்று காலை திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜில், இரண்டாவது மாடி நடையில், ஏணி மேல் நின்று பழைய கேமரா ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கீழே யாரோ பினாயில் ஊற்றித் துடைத்தார்கள். வாசனை மேலே ஏறி வந்ததும் கை நின்றுவிட்டது. அழுகை வரவில்லை. நீ போய் ஐந்து மாதம் ஆகிறது, ஒரு முறைகூட வரவில்லை. இந்த வாசனை எங்கே வந்தாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு நீ சொல்வது மட்டும் காதில் கேட்டது: "ஜெயிலு வாசன வருது, ஜன்னல தொற."

நீ ஜெயில் என்று சொன்னது ஜெயிலை அல்ல, பெண்களை மீட்டுக் கொண்டுவந்து வைத்திருக்கும் அந்த இல்லத்தை. அதன் மேடம் போன வாரம் நம் வீட்டுக்கு வந்திருந்தார். இல்லத்தின் விழாவுக்கு ஒரு புத்தகம் போடுகிறார்களாம். அதில் உன் போட்டோவுக்கு ஒரு பக்கம். கீழே தெலுங்கில் ஒரு வரி. எனக்காக மேடமே தமிழில் சொன்னார்: 'நரகத்திலிருந்து மீட்கப்பட்டு, நல்ல குடும்பப் பெண்ணாக வாழ்ந்து மறைந்தவர்.'

பிறகு ஒரு தாளை நீட்டினார். சம்மதப் படிவம். உன் பெயரை அச்சடித்திருந்தார்கள். கையெழுத்துப் போடும் இடத்தில் மட்டும் உன் பெயரை அடித்துவிட்டுக் கையால் 'கணவர்' என்று எழுதியிருந்தது.

"ஆமெ லேது கதா பாபு. நீங்க போட்டா சாலு," என்றார். அவள்தான் இல்லையே, நீங்கள் போட்டால் போதும்.

தாளை வாங்கி வைத்துக்கொண்டேன். உனக்காக நான் பேசுவதை நீ ஒருநாளும் பொறுத்துக்கொண்டதில்லை. டாக்டர் உன்னிடம் கேட்டதற்கு நான் பதில் சொன்னால்கூட, "வாய் எனுக்கு இருக்குது" என்பாய். அப்படிப்பட்ட உனக்கு நான் எப்படிச் சம்மதம் எழுதித் தருவது? அதனால் மேடத்துக்குப் பதில் சொல்லும் முன் உனக்கு எழுதுகிறேன்.

நம் கதை எங்கே ஆரம்பித்தது என்று மேடத்துக்குத் தெரியாது. உன் பெயர் தெரிவதற்கு முன்னாலேயே உன்னை நான் ஒரு பென் டிரைவில் வைத்திருந்தேன். சித்தூரில் டிப்ளமா முடித்துவிட்டுத் திருப்பதிக்கு வந்த புதிது. ஒரு லாட்ஜுக்கு மாடிக்கு இரண்டு கேமரா வீதம் மாட்டிக் கொடுத்தேன். ஒருநாள் போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வந்து ஒரு வாரப் பதிவு வேண்டும் என்றார்கள். அப்படியே காப்பி எடுத்துக் கொடுத்திருந்தால் போதும், யாரும் என்னை அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. நான்தான் என் திறமையைக் காட்ட, பெண்கள் வந்துபோகும் இடங்களை மட்டும் வெட்டி, நேர வரிசையில் அடுக்கி, முகம் தெரிகிற இடத்தில் நிறுத்தி, பெரிதாக்கிக் கொடுத்தேன்.

"பரவாலேது, மொகம் நல்லா தெரியுது," என்றார் ஒருவர். அன்று முழுவதும் எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த வாரமே ஆறு பெண்களை வேனில் ஏற்றி அந்த இல்லத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். அதில் நீ ஒருத்தி, உன் தோழி ராஜி ஒருத்தி.

நான்கு மாதம் கழித்து அந்த இல்லத்தில் கேமரா மாட்ட என்னைக் கூப்பிட்டார்கள். நீ முற்றத்தில் பினாயில் ஊற்றித் துடைத்துக்கொண்டிருந்தாய். நிமிர்ந்து பார்த்தாய்.

"இன்னா கேமரா, இங்கயும் வந்துட்டியா?"

எனக்குப் புரியவில்லை.

"அந்த லாட்ஜில நாலாவது மாடி திருப்பத்துல ஏணி போட்டுகினு நின்னது நீதானே? உன் வயரு என் தலையில தட்டிச்சு. 'சாரிக்கா'ன்ன. மரியாதக்காரன்னு நெனச்சேன்."

நான் வேலையைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். நீ விடவில்லை.

"ஒண்ணு கேக்கட்டா? வெளியில இருந்து எவனாவது வந்து எங்கள தூக்கினு போயிருவான்னுதானே கேமரா வெக்கிறாங்க?"

"ஆமா."

"அப்ப அது ரோட்ட பாக்கணும். நீ வெக்கிற எட்டும் உள்ளதானே பாக்குது?"

பையிலிருந்து வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். கேட், முற்றம், மாடிப்படி, சமையல்கட்டு, படுக்கும் அறையின் வாசல். எட்டும் உள்ளே பார்த்தன. படித்தவன் நான், படத்தைப் போட்டவனும் நான். துடைப்பத்தோடு நின்ற நீ சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அங்கேயே, ஏணிக்குக் கீழே, பென் டிரைவ் விஷயத்தை உன்னிடம் சொன்னேன். நீ திட்டவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். மறுநாள் வந்து, "அத சொல்லாம இருந்திருந்தா உனுக்கு நல்லது. சொல்லிட்ட. சரி, மோர் குடிக்கிறியா?" என்றாய்.

அதற்குப் பிறகு வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏதாவது ஒரு வயரைக் காரணம் காட்டி வந்துகொண்டிருந்தேன். நகரிப் பக்கத்துக் கிராமம் உன்னுடையது. உன் நைனா செத்த பிறகு பவர்லூம் ஷெட்டில் வேலைக்குப் போனாய். கட்டியவன் விட்டுவிட்டுப் போனான். ஒருநாள் நான் துணிந்து கேட்டேன், அந்தத் தொழிலுக்கு நீயாக வந்தாயா, யாராவது கொண்டுவந்து விட்டார்களா என்று.

"நானாத்தான் வந்தேன். தறி ஷெட்டுல மேஸ்திரி கைய புடிச்சான். வேணாம்னேன், மறுநாளு வேல இல்ல. லாட்ஜில நான் வேணாம்னு திருப்பி அனுப்பின ஆளுங்க எத்தினியோ பேரு. எங்க என் சம்மதத்துக்கு மரியாத இருந்துச்சுன்னு நீயே சொல்லு."

"சந்தோஷமா செஞ்சியா?"

"நீ ஏணி ஏறது சந்தோஷமாவா?"

"ரெண்டும் ஒண்ணா?"

"ஒண்ணு இல்ல. ஏணி உன்ன அடிக்காது. என்ன ரெண்டு பேரு அடிச்சிருக்கானுங்க. ஒருத்தன் கழுத்த புடிச்சான். அதையும் வெச்சுக்கோ. ஆனா அந்த ரெண்டு பேர காட்டி, மீதி நாளெல்லாம் ஒண்ணும் தெரியாத பாப்பா மாதிரி இருந்தேன்னு என்ன சொல்லாத. வேற வழி இருந்தா வேற பாத்திருப்பேன். இருந்ததுல இத எடுத்தேன். எடுத்தது நான்."

இதைக் கேட்டுவிட்டு, எல்லோருக்கும் அப்படித்தான் என்று நான் தலையாட்டினேன். உனக்குக் கோபம் வந்தது.

"எல்லாருக்கும்னு எவ சொன்னா? ராஜிய அவ புருஷன் கூட்டினு வந்து ரூம்ல உட்டான். சாவி அவன் பாக்கெட்டுல. அவளுக்கு அது வேல இல்ல, கொடும. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே பேரு வெக்காத."

உண்மைதான். அந்த இல்லத்தில்தான் ராஜி பயமில்லாமல் தூங்கினாள். மேடத்தை இன்றைக்கும் சாமி என்கிறாள். என் பென் டிரைவ் ஒருத்தியைப் பூட்டிலிருந்து எடுத்தது, இன்னொருத்தியைப் பூட்டி வைத்தது. ராஜி எனக்கு நன்றி சொல்லும்போது உன் முகம் நினைவுக்கு வரும். உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போனால் ராஜியின் முகம் வரும். இதில் சம்மதம் இருக்கிறதா, சுரண்டல்தானா என்று ஒரே வார்த்தையில் சொல்லச் சொல்லி இப்போது யாராவது கேட்டால், எந்தப் பெண்ணைக் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்கிறேன். அவளிடம் போய்க் கேட்டாயா என்றும் கேட்கிறேன். பெரும்பாலும் அத்தோடு பேச்சு நின்றுவிடுகிறது.

அங்கிருந்து வெளியே வர உன் சொல் போதவில்லை. சொந்தக்காரர் யாராவது வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிப் போக வேண்டும் என்றார்கள். முப்பதை நெருங்கும் பெண்ணுக்கு! உன் அண்ணன் வரமாட்டேன் என்றுவிட்டான். சமையல்கட்டுக் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்த என்னிடம் வந்து நின்றாய்.

"கண்ணாலம் கட்டிக்கினா உட்டுருவாங்களாம். கட்டிக்கிறியா?"

கட்டிக்கொண்டேன். ரிஜிஸ்டர் ஆபீசில் மேடமே சாட்சிக் கையெழுத்துப் போட்டார். எல்லோரும் கை தட்டினார்கள்.

அம்மா மட்டும் தட்டவில்லை. "மலைக்குப் போயி முடி குடுத்துட்டு வரச் சொல்லுடா. எல்லாம் போயிரும்," என்றாள். நீ மறுக்கவில்லை. நடந்தே போகலாம் என்றாய். பாதிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாய். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அப்போதே உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்க வேண்டும், தெரியவில்லை. மேலே போய் சாமி கும்பிட்டாய், லட்டு வாங்கினாய், நீளப் பின்னலோடு அப்படியே இறங்கி வந்தாய். வாசலில் அம்மா உன் தலையைப் பார்த்தாள்.

"இன்னா அத்த, அப்டி பாக்கற? முடி குடுக்கறதுன்னா நன்றிக்குக் குடுப்பேன். மன்னிப்புக்குக் குடுக்க மாட்டேன். சாமிகிட்ட நான் ஒண்ணும் திருடல."

ஒரு மாதம் அம்மா உன்னோடு பேசவில்லை. பிறகு அந்தப் பின்னலை அவளே வாரிவிட்டாள், அது வேறு விஷயம். நீ போன அன்று வந்த உறவுக்காரர்கள் என் காதோரம் குனிந்து, "அந்த நோயா?" என்று கேட்டார்கள். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்துவிட்டது என்று முதல் நாலு பேருக்கு விளக்கினேன். ஐந்தாவது ஆளை வீட்டைவிட்டு வெளியே போகச் சொன்னேன்.

உன்னிடம் நான் கேட்கப் பயந்த கேள்வி ஒன்று இருந்தது. சித்தூரில் ராஜியின் தையல் கடைக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டேன். என்னைக் கட்டிக்கொண்டது உன் இஷ்டமா, அங்கிருந்து வெளியே வருவதற்கா?

ஜன்னலை விட்டு என் பக்கம் திரும்பினாய்.

"வெளிய வரத்தான். பொய் சொல்லட்டா?"

"வேணாம்."

"அப்புறம் கதவு தொறந்துதான் இருந்துச்சு. ஒரு தபா போனேன், நெனப்பு இருக்குதா? பதினோரு நாளு ராஜிகிட்ட கெடந்தேன். நீ போன் பண்ணி எங்க இருக்கன்னு கேக்கல. மாத்திர இருக்குதான்னு கேட்ட. அதான் வந்தேன்."

உன் போன் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நிமிடம் போதும். பதினோரு நாளும் நான் பார்க்கவில்லை. உன்னிடம் அதை நான் சொன்னதில்லை, இப்போதுதான் சொல்கிறேன்.

அந்த பஸ்ஸிலிருந்தே என் தலையில் ஓடிக்கொண்டிருப்பது இதுதான். வயிற்றுக்காகச் சொன்ன சரி, சரி இல்லை என்கிறார்கள். அப்படியானால் பூட்டிய கேட்டுக்குள் நின்று என்னிடம் நீ சொன்ன சரி மட்டும் எப்படிச் சரியானது? லாட்ஜில் நீ எடுத்த முடிவுக்குப் பெயர் நரகம், கேட்டுக்குள் எடுத்த முடிவுக்குப் பெயர் நல்ல குடும்பமா? ஒன்றுக்கு வேன் அனுப்பினார்கள், மற்றொன்றுக்குக் கை தட்டினார்கள். இரண்டிலும் உனக்கு இருந்த வழிகள் குறைவு, இரண்டிலும் முடிவு எடுத்தது நீ. ஒன்றைப் பொய் என்றால் நம் கல்யாணமும் பொய். அதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மத்தியானம் லாட்ஜ் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு இல்லத்துக்குப் போனேன். ராஜியும் சித்தூரிலிருந்து வந்திருந்தாள், அவள் பக்கத்துக்கு போட்டோ எடுக்க. படிவத்தை மேசை மேல் வைத்தேன், கையெழுத்து இல்லாமல்.

"ஏன் பாபு? மஞ்சிதே கதா, நல்லதுக்குத்தானே?" என்றார் மேடம்.

"நல்லதுக்குத்தான் மேடம். ராஜிக்கு நீங்க செஞ்சது பெரிய நல்லது. ஆனா இவள ஒரு தபாகூட நீங்க கேக்கலியே."

"இப்ப எப்படி கேக்கறது?"

"கேக்க முடியாது. அதனாலதான் வேணாம்."

மேடம் கெட்டவர் இல்லை. நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உன் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு அலைந்தவர். புத்தகத்தின் அச்சுத்தாள்களிலிருந்து உன் பக்கத்தை உருவி என்னிடமே கொடுத்தார்.

ராஜிதான் வாசல்வரை வந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"ஏண்ணா, என் பக்கத்துல அவ போட்டோ வரும்னு ஆசயா இருந்தேன். எனுக்கோசரமாவது போடக் கூடாதா?"

"அவ இருந்தா இன்னா சொல்லுவா, நீயே சொல்லு," என்றேன்.

யோசித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். "கிழிச்சுப் போடுவா. அப்புறம் என்னையும் நாலு திட்டு திட்டிட்டு, என் போட்டோ நல்லா வந்திருக்குதான்னு வாங்கிப் பாப்பா."

உன்னிடம் எனக்கு இருந்தது குற்ற உணர்ச்சியா, ஆசையா என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டும் என்றுதான் சொல்லியிருப்பேன். எது எவ்வளவு என்று எனக்கே தெரியாது, அளந்து பார்க்க இனி ஆளும் இல்லை. வெளியே வரத்தான் நீ என்னிடம் வந்தாய். செய்த தப்புக்காகத்தான் நான் உனக்குக் கையெழுத்துப் போட்டேன். அப்படி ஆரம்பித்த வீட்டில்தான் நாம் நான்கு வருடம் சண்டை போட்டோம், சோறு தின்றோம், வயிறு வலிக்கச் சிரித்தோம். இதை யாரும் ஒரு வரியில் எழுத முடியாது. எழுத விடவும் மாட்டேன். முழுசாக என்னிடமே இருக்கட்டும், நான் தூக்கிக்கொண்டு நடக்கிறேன்.