வேர் திரும்பி விழுந்த சனிக்கிழமை

ஆகஸ்ட் 28, வியாழன்

மழை விட்டும் காற்று விடவில்லை. பின்வளவு யூகலிப்டஸ் நேற்றிரவு வேரோடு சாய்ந்துவிட்டது. வேலி போச்சு. மரத்தின் தலை பக்கத்து வீட்டுக் கிழவியின் பின்கதவை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. மரம் வெட்டுகிற ஆட்களுக்குப் போன் அடித்தேன். எல்லோரும் வர மூன்று கிழமை செல்லும் என்கிறார்கள். எங்கள் ரோவில் பகுதி முழுக்க மரம் விழுந்திருக்கிறதாம்.

வேர் மண்ணோடு கிளம்பிச் சுவர் மாதிரி நிற்கிறது, என்னை விட உயரம். அதற்குப் பின்னால் பெரிய குழி. வாசுகி எட்டிப் பார்த்தாள். மரத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. "ஐயோ, என்ர கறிவேப்பிலை." குளிர்காலம் தோறும் போர்வை சுற்றிக் காப்பாற்றிய கன்று, குழியின் அடியில் சரிந்து கிடக்கிறது. பெண்சாதிக்கு அதுதான் கவலை.

29, வெள்ளி

வாசுகியின் தம்பி குகன் டார்னெய்ட்டிலிருந்து மரம் அறுக்கிற செயின்சோ கொண்டுவந்தான். தலைக்கவசம், காதுமூடி, தடித்த காற்சட்டை எல்லாம். "பயப்பிடாதேங்கோ அத்தான், மெத்தெண்ட பாண் வெட்டுற மாதிரித்தான்." தான் வெட்டமாட்டானாம், முதுகு நோவாம். வாய்க்கு மட்டும் நோ இல்லை.

பின்னேரம் முழுக்க வீடியோ. ஒன்றில் அடிமரத்தை அறுத்ததும் வேர் படாரென்று திரும்பிக் குழிக்குள் விழுந்தது. திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

வாசுகியிடம்: "குழிக்குள்ள ஒருத்தரும் இறங்கக்கூடாது." "ஓம், ஓம்." கண் அடுப்பில்.

30, சனி

எழுத்து கோணல்.

காலை நல்லபடி. முதலில் சின்னக் கொப்புகள். பாரம் தாங்குகிற கொப்பென்றால் எந்தப் பக்கம் இறுகும் என்று பார்த்துப் பார்த்து. ஒருமுறை அலகு மரத்துக்குள் சிக்கியது, ஆப்பு அடித்து எடுத்தோம். மத்தியானம் கிழவியின் கதவு திறந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

கடைசி வெட்டு, வேருக்குக் கிட்ட. வேர்ச்சுவர் மறைப்பதால் குழி தெரியாது. காதுமூடி போட்டால் ஒன்றும் கேளாது. வெட்டலாமா என்று கை உயர்த்தினேன். காவலுக்கு நின்ற குகனும் உயர்த்தினான். அறுத்தேன். வேர் பின்னால் சாய்ந்து குழிக்குள் விழுந்தது. நிலம் அதிர்ந்தது காலில் தெரிந்தது.

காதுமூடியைக் கழற்றினால், குகன் முகத்தில் இரத்தமில்லை.

"அத்தான், அக்கா வாளியோட அங்கால போனவ."

"எங்க?"

"கேக்கேல்லை. அலுவலா வெளிக்கிட்டுப் போறவையை எங்க எண்டு கேக்கக்கூடாதெல்லோ."

கேட்டால் போகிற காரியம் கெட்டுப்போகுமாம். எல்லோரும் அப்படித்தான் வளர்ந்தோம்.

ஓடினேன். குழியே இல்லை. வேருக்கடியில் வாளியின் விளிம்பு மட்டும், நசுங்கி. கூப்பிட்டேன். கையால் தோண்டினேன். நகம் பிய்ந்தது. வாயில் முருகா, முருகா என்றுதான் வந்தது. குகன் அம்புலன்ஸுக்கு அடித்துவிட்டு விலாசம் சொல்லத் தெரியாமல் அழுதான்.

"என்னப்பா தோண்டுறியள்?"

பின்னால் வாசுகி. வீட்டுப் பக்கமிருந்து வந்தாள்.

"கத்தி எடுக்கப் போனனான். கறிவேப்பிலையின்ர வேர் அறுக்க."

சேற்றிலேயே இருந்துவிட்டேன்.

31, ஞாயிறு

வெயில். உடம்பெல்லாம் நோ. குகன் செயின்சோவை ஏற்றிக்கொண்டு போனான். தேத்தண்ணியும் வேண்டாமாம். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவன் போனதும் வாசுகி குசினிக் கதவைச் சாத்தினாள்.

"கத்தி வாளிக்குள்ளதான் கிடந்தது. தம்பி நிண்டதால அப்பிடிச் சொன்னனான்."

"அப்ப ஏன் மேல வந்தனீர்?"

"ஒண்டுக்கு வந்தது. அடக்கிப் பார்த்தனான். இன்னும் ரெண்டு வேர்தானே, முடிச்சிட்டுப் போவம் எண்டு. ஏலாமல் ஓடிவந்திட்டன்."

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பிறகு அவளும் நிறுத்தினாள். என் சேர்ட்டைப் பிடித்துக்கொண்டு கனநேரம் அழுதாள்.

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. வெக்கம்."

சொல்லமாட்டேன்.